படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள், ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், கதைக்காகவும் சினிமாவுக்காகவும் இட்டுக்கட்டிய மொழிகளை உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை ஒன்று வெளியிட்டிருந்தீர்கள். கூடவே டோல்கீன் என்ற ஆங்கில எழுத்தாளரின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் வரும் மோதிரத்தின் படம், அதன்மேல் நெளிநெளியாக ஓடும் எழுத்து. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எழுத்து தலைகீழாக அச்சாகியிருக்கிறது. உயிர்க்குறிகள் மெய்யெழுத்தின் தலைமேல் இருக்க வேண்டியவை. உங்கள் படத்தில் அவை காலடியில் கிடக்கின்றன. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பேப்பரைத் திருப்பிப் பிடித்துத்தான் படித்தேன். வீட்டு வேலைக்கு வரும் பெண், "கண்ணாடி மாத்தணுமாக்கா?" என்று கேட்டாள்.

படத்தின் கீழே 'எல்ஃப்களின் மொழி' என்று போட்டிருந்தீர்கள். அதுவும் தவறு. எழுத்துதான் எல்ஃப்களுடையது; அந்தக் கதையில் வரும் ஒரு கற்பனை இனம் அவர்கள். மொழி அவர்களுடைய எதிரியின் மொழி, மோர்தோர் நாட்டுக்காரனுடையது. பேக்கரியில் கேக்கின் மேல் 'ஹேப்பி பர்த்டே' என்று தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தால் அது தமிழாகிவிடுமா?

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். கும்பகோணத்தில் 1988 முதல் தட்டச்சு, சுருக்கெழுத்துப் பயிலகம் நடத்துகிறேன். வயது 62. ஒரு காலத்தில் 14 ரெமிங்டன்கள் ஒரே நேரத்தில் தடதடக்கும், பக்கத்துக் கடைக்காரர் வந்து சண்டை போடுவார். இப்போது ஆறு மெஷின், இரண்டு கம்ப்யூட்டர். சுருக்கெழுத்துக்கு வருடத்துக்கு நாலைந்து பேர் வந்தால் பெரிது. கற்பனைக் கதைகள் படித்து வளர்ந்தவள் இல்லை நான். வார இதழ்த் தொடர்கதைகளைத் தாண்டி எனக்குப் பெரிய வாசிப்பு கிடையாது. ஆனால் குவென்யா என்ற, அந்த எல்ஃப்கள் பேசுவதாக டோல்கீன் கட்டிய, யாருக்கும் தாய்மொழியாக இல்லாத ஒரு மொழியில் மாதம் இரண்டு கடிதம் எழுதுகிறேன். அந்த வழி வந்த கதையைச் சொன்னால்தான் என் ஆட்சேபம் புரியும்.

என் மகன் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நீள நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டே இருப்பான். எட்டிப் பார்த்தால் கொக்கிகளும் வளைவுகளும். சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையிலிருந்து என் தம்பி அவனுக்கு வாங்கித் தந்த மூன்று தடித் தடிப் புத்தகங்களில் இருந்து வந்த வினை அது. காலாண்டுத் தேர்வில் கணக்கில் 41 வாங்கி வந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை. அது என் தவறு, எழுதியே வைக்கிறேன்.

2020 ஊரடங்கில் பயிலகம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. பரணை ஒழிக்கப் போனவளுக்கு இன்னொரு நோட்டு கிடைத்தது. நான் போட்டது ஒன்று, அவன் ஒளித்து வைத்தது ஒன்று. அவன் பெங்களூரில் வேலையில் இருந்தான். ஃபோன் போட்டு இது என்னடா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முப்பது வருடம் பிட்மேன் சுருக்கெழுத்து சொல்லிக் கொடுத்தவளுக்குத் தெரியாத கோடுகளைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

இங்கே கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கட்டுரையாளர் 'கிறுக்கல்' என்ற சொல்லை மூன்று முறை பயன்படுத்தியிருக்கிறார். பிட்மேன் 1837-ல் வெளியிட்ட சுருக்கெழுத்தில் ஒலிக்குத்தான் கோடு, எழுத்துக்கு இல்லை. 'பழம்' என்பதன் ப-வுக்கு மெல்லிய சாய்கோடு. 'பஸ்' என்பதன் ப-வுக்கு அதே கோட்டை அழுத்திப் போட வேண்டும். இந்த இரண்டிலும் வரும் ப-வைத் தமிழில் ஒரே மாதிரி எழுதிவிட்டு, வாயால் வேறு மாதிரி சொல்கிறோம் என்பதை என் மாணவிகள் முதல் வாரத்தில்தான் கவனிப்பார்கள். உயிர் எல்லாம் புள்ளியும் சிறு கோடும். வேகம் வந்தபின் அவற்றையும் விட்டுவிடுவோம். நிமிடத்துக்கு 120 சொல் எழுதுகிறவளுக்குப் புள்ளி வைக்க நேரம் ஏது? மெய்யை வைத்தே சொல்லைப் படித்துவிடுவோம்.

மகனின் நோட்டிலும் அதே சங்கதி. ஒரு தண்டு, அதன் பக்கத்தில் ஒரு வில். சில எழுத்துகளில் ஒரு வில், அதே எழுத்துக்கு இன்னோர் இடத்தில் இரட்டை வில். அழுத்தமில்லாத கோடும் அழுத்தக் கோடும் போல இவை ஜோடி என்று தெரிந்துவிட்டது. தண்டு சிலவற்றில் கீழே இறங்கும், சிலவற்றில் மேலே ஏறும், சிலவற்றில் குட்டையாக நிற்கும். சில எழுத்துகளின் கீழே மட்டும் ஒரு புள்ளி. மேலே ஒற்றைப் புள்ளி, சாய்கோடு, இந்தப் பக்கம் ஒரு சுழி, அந்தப் பக்கம் ஒரு சுழி. மொழி என்ன? ஆங்கிலமாக இருக்கும் என்று நினைத்து நாலு நாள் வீணாக்கினேன்.

ஐந்தாம் நாள் ஒரு சொல்லில் கண் நின்றது. நான்கு எழுத்து. முதல், மூன்றாவது, நான்காவது மூன்றும் ஒரே எழுத்து. இரண்டாவது மட்டும் வேறு. மூன்றாவதன் கீழே புள்ளி, நான்காவதன் மேலே சுழி. இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன் பக்கத்துக்குப் பக்கம் எதை எழுதுவான்? கணக்கு! க, ண, க், கு. கீழே உள்ள புள்ளி நம் மெய்ப்புள்ளி. அகரத்துக்குக் குறியே கிடையாது, நம் க-வுக்கு இல்லாதது போலவே. பையன் தமிழைத்தான் எழுதி வைத்திருக்கிறான். அடுத்த சொல் 'சார்'. அதற்கடுத்தது 'ஓர்க்'. அது என்னவென்று தேடிப் பார்த்தேன். அந்தக் கதையில் வரும் அவலட்சணமான பூதப்படை. அன்று சாயங்காலம் அவனுக்கு ஃபோன் போட்டு, "பாவம்டா அந்த மனுஷன், அவரைப் போய் ஓர்க்குங்கறியே" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பத்து வருடத்தில் அவன் என்னோடு அப்படிச் சிரித்ததில்லை.

"அது எழுத்து மட்டும்தாம்மா. மொழி தனியா இருக்கு" என்றான். நார்வேக்காரர் ஒருவர் எழுதி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் 20 குவென்யா பாடங்களை அனுப்பினான். ஜெராக்ஸ் கடை திறந்த முதல் நாளே அச்செடுத்து வந்துவிட்டேன்.

இப்போது உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். 'சினிமாவுக்காக அவசரத்தில் கட்டிய பாஷைகள்' என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டிருக்கிறார் கட்டுரையாளர். சினிமாவுக்கென்று செய்தவையும் உண்டு, அவையும் சும்மா இல்லை. பாகுபலியில் காலகேயர்கள் பேசும் கிளிக்கியை மதன் கார்க்கி உருவாக்கினார். அதில் 'மின்' என்றால் நான், திருப்பி 'நிம்' என்றால் நீ. அதை எனக்குச் சொல்லிக் காட்டியது தட்டச்சில் லோயர் தேர்வுக்குப் படிக்க வந்த ஒரு பொண்ணு. ஆனால் குவென்யாவுக்கும் சினிமாவுக்கும் சம்பந்தமே கிடையாது. ஜே.ஆர்.ஆர். டோல்கீன் அதன் சொற்பட்டியலை எழுதத் தொடங்கியது 1915-ல், அவருக்கு 23 வயது. மறுவருடம் முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போனார். எல்லோருக்கும் தெரிந்த அந்த மூன்று பாகக் கதை 1954, 1955-ல்தான் வந்தது. எல்லோரும் பார்த்த அந்தப் படம் வந்தது 2001-ல். முதலில் மொழி, பிறகுதான் அதைப் பேச ஆட்களும் அவர்கள் குடியிருக்க ஊரும். அவரே அப்படித்தான் சொல்லியிருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் சொல்லிக் கொடுத்த பேராசிரியர், மொழி கட்டும் இந்தப் பழக்கத்தைப் பற்றி 1931-ல் ஒரு சொற்பொழிவு செய்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஒரு ரகசியக் கெட்டபழக்கம்'. எங்கள் தெருவில் சீட்டாட்டத்தைச் சொல்வார்களே, அந்த மாதிரி.

மாணவராக இருந்தபோது பின்னிஷ் மொழி இலக்கணம் ஒன்று அவர் கையில் கிடைத்ததாம். மயங்கிப்போனார். குவென்யாவின் ஒலியிலும் அமைப்பிலும் பின்னிஷ் நிறைய இருக்கிறது. பின்னிஷும் தமிழும் உறவில்லை, ஆனால் இரண்டும் ஒட்டுநிலை மொழிகள். பெயரோடு உருபு ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிடும். அதனால்தான் ஆங்கிலேயப் பிள்ளைகள் திணறும் பாடத்தை நான் அடுப்பில் பால் வைத்துவிட்டுப் படித்து முடித்தேன். 'கிர்ய' என்றால் கப்பல். 'கிர்யஸ்ஸெ' கப்பலில். 'கிர்யல்லொ' கப்பலிலிருந்து. 'கிர்யன்ன' கப்பலை நோக்கி. 'கிர்யனென்' கப்பலால். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று ஆறாம் வகுப்பில் பிரம்படியோடு ஒப்பித்தது வீண்போகவில்லை.

உயிரெழுத்து இன்னும் வேடிக்கை. அ ஆ, இ ஈ, உ ஊ, எ ஏ, ஒ ஓ பத்தும் குவென்யாவில் உண்டு, குறிலும் நெடிலும் பொருளை மாற்றும். ஐயும் ஔவும்கூட உண்டு; இன்னும் நாலு கூட்டுயிர் அதிகம். பொண்ணுகளுக்கு எ, ஏ வித்தியாசம் எழுதிக் காட்ட ஆங்கிலத்தில் என்ன பாடு பட வேண்டும்! குவென்யாவின் உயிர்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதிவிடலாம்.

மெய்யைக் கேளுங்கள். பாம்பு, பந்து, சங்கு. ம், ந், ங் பக்கத்தில் வரும்போது ப, த, க கனமாகிவிடும். சொல் முதலில் அந்தக் கன ஒலி அசல் தமிழ்ச் சொற்களில் இல்லை. குவென்யாவிலும் அந்தக் கனமான ஒலிகள் சொல்லின் தொடக்கத்தில் வரவே வராது. மெல்லினத்துக்குப் பின்னால் வரும், சில இடங்களில் ல், ர்-க்குப் பின்னால் வரும், அவ்வளவுதான். அந்த மொழிக்கு எழுத்தை வகுத்தபோது ந்த, ம்ப, ங்க ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்தே கொடுத்துவிட்டார் டோல்கீன். தெங்வார் என்று அந்த எழுத்துக்குப் பெயர். நாலு நிரை, ஆறு படி, ஆக 24 எழுத்து. அப்புறம் துணைக்கு ஒரு 12. ஒரு நிரை பல்லுக்கு, ஒரு நிரை உதட்டுக்கு, மற்ற இரண்டும் க வரிசைக்கும், உதட்டைக் குவித்துச் சொல்லும் க்வ வரிசைக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் அந்த ஒலி வரும் ஒரு சொல்லே பெயர். பர்ம என்றால் புத்தகம், கல்ம விளக்கு. ந்த-வின் பெயர் 'அந்தொ', வாசல் என்று பொருள். ம்ப-வின் பெயர் 'உம்பர்', விதி என்று பொருள். நம் தேவாரத்தில் உம்பர் வானோர், அங்கே விதி. முதல் நாள் பட்டியலைப் பார்த்தபோது, அந்தோ, உம்பர் என்று யாரோ பதிகம் பாடுகிற மாதிரிதான் இருந்தது.

இதை எங்கள் குடியிருப்பு நலச்சங்கத்தில் ஒரு பெரியவரிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன். "சந்தேகமே இல்லை, தொல்காப்பியத்திலிருந்து எடுத்திருக்கிறான். பெயரைப் பாருங்க, தொல்-கீன்" என்று அன்றிரவே வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். ஐயா, அப்படியெல்லாம் இல்லை. ஒலிகளை வாயின் இடம் பார்த்து அடுக்கத் தெரிந்த எவரும் ஏறக்குறைய இந்த மாதிரிக் கட்டத்துக்குத்தான் வந்து சேருவார்கள். அகரத்துக்குக் குறி போடாமல் விடும் வழக்கத்தையும், உயிரில்லாத மெய்க்குக் கீழே புள்ளி வைப்பதையும் என் மகன் கண்டுபிடித்ததாக நினைத்துப் பெருமைப்பட்டிருந்தேன். அதுவும் அந்தப் பேராசிரியர் சொன்ன வழக்கம்தான். விளக்கு என்னும் 'கல்ம'வை வெறும் க-ல-ம என்று மூன்று மெய்யாக எழுதினாலே படித்துவிடலாம் என்கிறார் பின்னிணைப்பில். ஏனென்றால் க்ல் என்று சொல் தொடங்காது, ம் என்று சொல் முடியாது. மொழிமுதல், மொழியிறுதி விதிகள்! நாங்கள் சுருக்கெழுத்தில் உயிரை விட்டுவிட்டுப் படிப்பதும் இதே தைரியத்தில்தான். அந்தப் பக்கத்தைப் படித்த அன்று நான் எழுந்து போய் இரண்டாவது காபி போட்டுக்கொண்டேன்.

ம் என்று முடியாது என்பதால் எங்கள் ஊர் குவென்யாவுக்குள் நுழைய முடியாமல் நின்றது. கும்பகோணத்தில் மற்ற எல்லாம் சரி, ம்ப-கூடச் சரி, கடைசி எழுத்துதான் தகராறு. மகன் 'கும்பகோன' என்றான். நான் 'கும்பகோனன்' என்றேன், ன் இறுதியில் வரலாம். அவன் ஊரான பெங்களூர் பெ என்ற கன ஒலியில் தொடங்கக் கூடாது, மெல்லிய பெ-தான். தமிழில் அப்படித்தானேடா எழுதுகிறோம் என்றேன்.

கடிதங்கள் போஸ்ட் கார்டில். தொடங்கியபோது ஒன்று ஐம்பது பைசா. முகவரி தமிழில், சேதி தெங்வாரில். தபால்காரர் ஒருநாள், "அரபியாம்மா?" என்று கேட்டார். நான் விளக்கத் தொடங்கினேன், அவர் பாவம் வெயிலில் நின்றுகொண்டிருந்தார், ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கார்டுகளில் நடந்த இரண்டு சண்டைகளைச் சொல்ல வேண்டும். குவென்யாவில் வினையின் வாலிலேயே ஆள் ஒட்டிக்கொள்வான். 'துலின்' என்றால் வருகிறேன். மரியாதைக்கு 'துலில்யெ', வருகிறீர்கள். உரிமையோடு 'துலித்யெ', வருகிறாய். பையன் முதல் கார்டில் எனக்கு ல்யெ போட்டு எழுதியிருந்தான். பாடநூலில் அதுதான் முதலில் வருகிறது, அதனால் போட்டிருக்கிறான். அம்மாவை 'நீங்க' என்று கூப்பிடும் வீடுகள் உண்டு, நல்ல வழக்கம்தான். எங்கள் வீட்டில் அப்பா 'நீங்க', அம்மா 'நீ'. அவன் நாக்கு புரண்ட நாளிலிருந்து அப்படி. அந்த ல்யெ-வைப் பார்த்ததும் யாரோ வங்கி மேனேஜர் எழுதிய மாதிரி இருந்தது. சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். அடுத்த கார்டிலிருந்து த்யெ.

இரண்டாவது கொஞ்சம் பெரிய சண்டை. போன வருடம் அவனும் மருமகளும் ஒரு ஃபிளாட் வாங்கினார்கள். கிரகப்பிரவேசத்துக்கு அழைத்துக் கார்டு வந்தது. 'கொஅ' என்றால் வீடு. 'கொஅல்மன்ன துலித்யெ' என்று ஒரு வரி. எனக்குச் சுருக்கென்றது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இதில் ஒன்றும் புரியாது. அவர்களுக்கு நாமும் நாங்களும் ஒன்றுதான். குவென்யாவில் இரண்டும் வேறு, நம்மைப் போல. ல்ம என்றால் எங்கள். ல்வ என்றால் நம். ஓர் எழுத்து. 'எங்கள் வீட்டுக்கு வருகிறாய்' என்று எழுதியிருக்கிறான் பிள்ளை!

ஃபோன் போட்டேன். அவன் சொன்ன சமாதானத்தைக் கேளுங்கள். கதையில் எல்ஃப்களுக்குச் சொல்லும் ஒரு வரவேற்பு வாக்கியம் வருகிறது. நம் சந்திப்பின் வேளைமீது ஒரு விண்மீன் ஒளிர்கிறது என்று பொருள். 1954-ல் அச்சான முதல் பதிப்பில் அந்த 'நம்'முக்கு ல்மொ என்றுதான் இருந்தது. பிறகு டோல்கீன் தன் இலக்கணத்தையே மாற்றி யோசித்து, 1965-ல் வந்த இரண்டாம் பதிப்பில் ல்வொ என்று திருத்தினார். "நான் முதல் பதிப்பு இலக்கணத்துல எழுதினேம்மா" என்றான். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் விடவில்லை. அப்படியானால் முந்தின கார்டில் ல்வ எப்படிச் சரியாகப் போட்டாய் என்று கேட்டேன். பதில் இல்லை. ஒரு வாரத்தில் புதுக் கார்டு வந்தது, 'கொஅல்வன்ன'. போய் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தோம்.

இந்த ஒரு விஷயத்தைத்தான் உங்கள் கட்டுரையாளருக்குச் சொல்ல நினைக்கிறேன். இட்டுக்கட்டிய மொழிக்கு விதி கிடையாது, எதை உளறினாலும் செல்லும் என்று எழுதியிருக்கிறார். தாய்மொழியில்தான் ஐயா உளறினாலும் செல்லும். எதிரில் இருப்பவர் பாதிச் சொல்லிலேயே புரிந்துகொண்டு தலையாட்டிவிடுவார். அங்கே ஒரு மெய் மாறினால் அம்மாவை வீட்டுக்கு வெளியே நிறுத்திவிடும். 'நாங்கள்', 'நாம்' என்று அறுபது வருடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் ஒரு கதவு திறந்து மூடுவதை இந்த வேலையற்ற வேலையில்தான் பார்த்தேன்.

வேலையற்ற வேலை என்பதை மறுக்கவில்லை. டி.என்.பி.எஸ்.சி.யில் இதற்கு மதிப்பெண் கிடையாது. பேச ஆள் கிடையாது. நாங்களும் பேசிப் பார்த்தோம். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஃபோனில் குவென்யா மட்டும் என்று ஒப்பந்தம். 'ஐய' என்று தொடங்க வேண்டும். அந்த மொழியில் அதற்கு வாழ்க, வந்தனம் என்பது போலப் பொருள். நான் ஃபோனில் 'ஐய' என்றதும் உள்ளிருந்து என் வீட்டுக்காரர், "என்ன?" என்று கேட்டுக்கொண்டு வந்துவிடுவார். பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் என்னைத்தான் திட்டுறீங்களா?" என்பார். மூன்றாவது வாக்கியத்தில் யாருக்காவது ஒரு சொல் கிடைக்காது. தேடி எடுப்பதற்குள் "சரிம்மா, சாப்டியா?" என்று தமிழில் இறங்கிவிடுவான். எழுத்தில்தான் என் வண்டி ஓடும், பேச்சில் ஓடாது. இதை ஒளிப்பானேன்.

சொல் கிடைக்காததற்கு டோல்கீன்தான் காரணம். 1973-ல் இறக்கும் வரை மாற்றிக்கொண்டே இருந்தார். ஒரு காகிதத்தில் ஒரு விதி, இன்னொன்றில் வேறு விதி. அவருடைய குறிப்புகளை அவர் போனபின் பல வருடங்களாகப் பகுதி பகுதியாக வெளியிட்டு வருகிறார்கள், படிக்கிறவர்கள் அதை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். நட்சத்திரத்துக்கும் கப்பலுக்கும் வகைவகையாகச் சொல் உண்டு; தட்டச்சுக்கு இல்லை. காபிக்கும் இல்லை. 'யுல்த' என்றால் ஒரு மிடறு, ஒரு பானம். 'மொரெ' என்றால் கருப்பு. இரண்டையும் சேர்த்துக் கருப்புப் பானம் என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறான் மகன். பால் விட்ட டிகிரி காபியைக் கருப்பு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இந்த வழக்கு நிலுவையில் இருக்கிறது.

'தமிழையே பிழையில்லாமல் எழுதத் தெரியாத பிள்ளைகள்' என்று கட்டுரையாளர் வருத்தப்பட்டிருக்கிறார். அந்த வருத்தம் எனக்கு அவரைவிட அதிகம். தினமும் திருத்துகிறவள் நான். ஒற்று மிகும் இடம் தெரியாமல் ஹையர் வரை வந்துவிடுகிறார்கள். ஆனால் அது தெங்வார் படித்ததால் வந்த வியாதி இல்லை. கிளிக்கியைச் சொல்லிக் காட்டிய அந்தப் பொண்ணுக்கு, அவள் பெயரைத் தெங்வாரில் எழுதிக் காட்டினேன். பெயரில் ழ இருக்கிறது. டோல்கீனுக்கு ழ தேவைப்படவில்லை, அதற்கு எழுத்து கிடையாது. என் மகன் அந்த நாளில் ல-வுக்கு ஒரு வால் போட்டு ழ ஆக்கியிருந்தான். அதைக் காட்டினேன். "அது ல இல்லையேக்கா, எப்படி அதுல வால் போடுறது? நாக்கு மடியுதே" என்றாள். அப்புறம் ஒரு மணி நேரம் டைப் அடிக்காமல் ல, ள, ழ என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு, கண்ணாடியில் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளே ர-வில் வால் போட்டு ஒரு ழ எழுதினாள். மகனுடையதைவிட அது நன்றாக இருந்தது, அவனிடமும் சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு திருத்தம் வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன். சொற்களை மாற்றாவிட்டாலும் பரவாயில்லை, படத்தையாவது நிமிர்த்திப் போடுங்கள். எது மேல்பக்கம் என்று அச்சகத்தில் சந்தேகம் வந்தால், சின்னச் சின்ன மூன்று புள்ளிகள் தெரியும், முக்கோணம் மாதிரி. அவை எழுத்தின் தலைமேல் வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தட்டச்சுப் பயிலக ஆசிரியை,
கும்பகோணம்.